கலவையில்தான் கோளாறு

இங்கிலாந்தில் மழை விட்ட சனிக்கிழமை காலைகளில் தெருவுக்கு ஒரு பானெட்டாவது திறந்திருக்கும். அதற்குள் இடுப்புவரை நுழைந்திருப்பவர்தான் நம்மவர். வயது அறுபதைத் தாண்டியவர், பணி ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தார் அவர் முகத்தை அதிகம் பார்த்ததில்லை. பின்பக்கத்தைப் பார்த்தே வணக்கம் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

கார், எம்ஜிபி. இருவர் உட்காரலாம், கூரையை மடக்கிவிட்டால் மேலே வானம். 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி. ஆகவே அபூர்வமான கார் என்று பீற்றிக்கொள்ள வழியில்லை. அதனால் அவர் காரின் பெருமையைப் பேசுவதில்லை, அதன் வியாதியைப் பேசுகிறார்.

வியாதிக்கு ஆளாகும் அந்த 1798 சிசி இன்ஜின் நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி இன்ஜினும் அதே ‘பி சீரிஸ்’ வம்சம். எம்ஜிபிக்கு மூத்ததான எம்ஜிஏ 1955-ல் வந்தபோது அதிலும் இருந்தது 1489 சிசிதான். இங்கே கல்யாணக் கோஷ்டியில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு மலை ஏறிய குடும்பத்தின் இன்னொரு கிளை, அங்கே ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வாங்கிக்கொண்டு உலாப் போகிறது. அம்பாசடர் மக்கர் பண்ணினால் நம் டாக்சிக்காரர் டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றுவார், பாயிண்ட்டை எமரித் தாளால் ஒரு தேய் தேய்ப்பார், கிளம்பிவிடுவார். அவருக்குச் சவாரி காத்திருக்கிறது. நம்மவருக்கு அப்படி ஒரு தொந்தரவும் இல்லை.

எனவே அவர் நேராகக் கார்புரேட்டருக்குப் போவார். ஒன்றல்ல, இரண்டு. எஸ்யூ கம்பெனிச் சரக்கு. அலுமினியக் குவிமாடங்கள் இரண்டையும் முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்து வைத்திருப்பார். உள்ளே ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதோடு ஒட்டிய கூர் ஊசி, பெட்ரோல் வரும் துளையைத் தேவைக்குத் தக்கபடி திறந்து மூடும். எளிய, அழகான ஏற்பாடு. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அழகாக இருப்பதாலேயே எல்லாப் பழியும் அதன் தலையில் விழுகிறது. இன்ஜின் இருமினால் பெட்ரோல்-காற்றுக் கலவையில் கோளாறு. தும்மினால் கலவையில் கோளாறு. கண்ணாடித் துடைப்பான் மெதுவாக ஓடினால்கூட அவர் பார்வை ஒரு கணம் கார்புரேட்டர் பக்கம் போய்த்தான் திரும்பும்.

வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை ஒரு கார்புரேட்டரின் வாயில் பிடித்து, காற்றின் உஸ்ஸைக் கேட்பார். பிறகு மற்றதில். இரண்டு உஸ்ஸும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அடுத்து, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்ப்பார். வேகம் ஏறி ஏறினபடியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணைந்தால் குறைவு. சற்றே ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. சரியில்லையென்றால் அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் திருப்ப வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றது கெடும். அதைத் திருப்பினால் முதலாவது கெடும்.

“மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போகணும்” என்று மனைவி வாசலில் வந்து நிற்பார். “இதுலயா, அதுலயா?”

“இன்னும் ஒரு முகம்தான்.”

“போன வாரமும் அதே முகம்தானே?”

பதில் வராது, காதில் குழாய். அந்த அம்மாள் தன் டொயோட்டாவின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

எஸ்யூவைத் தொடங்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆரம்பகால கார்புரேட்டரில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திதான் இருந்தது. குலத்தொழில் வாசனை விடவில்லை போலும். அதே கம்பெனியின் பெட்ரோல் பம்ப் பின்சக்கரத்தருகே டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்து, ஒருநாள் நின்றுவிடும். கையில் எது கிடைக்கிறதோ அதால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். ஷூவைக் கழற்றித் தட்டுவோரும் உண்டு. நம்மவரும் தட்டுவார், யாரும் பார்க்காதபோது. அந்த வைத்தியத்தில் கௌரவம் இல்லை.

அவருடைய சிக்கலே அதுதான். கோளாறு தன் அந்தஸ்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். ஆனால் இந்த இன்ஜினைப் படுத்துபவை பெரும்பாலும் சில்லறைகள்: சூடேறினால் மயங்கும் கண்டென்சர்; தேய்ந்து, இடைவெளி குறைந்த பாயிண்ட்; கழன்ற ஒரு ஒயர். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பாயிண்ட் இடைவெளியைப் பார்க்க ஃபீலர் கேஜும் இரண்டு நிமிடமும் போதும். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலைக்கா ஒருவர் சனிக்கிழமையை ஒதுக்குவார்?

அரசாங்கமும் அவர் பக்கம்தான். 40 வயது கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி கிடையாது. 2018 முதல் ஆண்டுச் சோதனையும் கட்டாயமில்லை. 2021 செப்டம்பரில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கத் தொடங்கியது அவருக்குப் பெரும் உபகாரம். பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும் என்பது உண்மை. அதற்குமேல் ஹாரன் கம்மியதற்கும் அதுவே காரணம் என்பது அவர் சொந்தக் கண்டுபிடிப்பு.

எப்போதாவது வண்டி சாலைக்கு வரும். கூரை திறந்து, தொப்பி அணிந்து, ஊருக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும்போது, ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் இன்ஜின் நின்றுவிடும். சாலை ஓரத்திலேயே இரண்டு கார்புரேட்டரும் கழன்று துணியில் கடை விரிக்கும். திரும்ப மாட்டியும் பயனில்லை. பிறகுதான் சந்தா கட்டி வைத்திருக்கும் உதவி வேனுக்குப் போன் போகும்.

அப்படி ஒருநாள் வந்த பையனுக்கு இருபத்தைந்து வயது. கார்புரேட்டர் அவன் பாடத்திட்டத்தில் இல்லை. அதனால் அதன் பக்கமே போகாமல், ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தான். காயில் ஒயரில் வந்தது, பிளக்கில் வரவில்லை. இடையில் இருப்பது டிஸ்ட்ரிப்யூட்டர். மூடியைக் கழற்றினால், கட்டைவிரல் அளவு ரோட்டர். அதன் ஆணி வழியாக மின்சாரம் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. மலிவாக வரும் புது ரோட்டர்களில் அடிக்கடி காணும் வியாதி இது. மாற்று ரோட்டர், நம்மவரின் டிக்கியிலேயே உறை பிரிக்காமல் கிடந்தது. மாட்டியதும் முதல் சாவிக்கே இன்ஜின் பிடித்தது.

“ரொம்ப நல்லா ஓடுது சார்” என்றான் பையன்.

நம்மவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். “கலவை அரை முகம் கூடுதல்” என்றார்.

அந்த வாரம் கிளப் கூட்டம், மதுக்கடையின் பின்னறையில். கதையை அவரே சொன்னார். அதில் ரோட்டரும் இல்லை, பையனும் இல்லை. மிதவைத் தொட்டியில் சிக்கிய ஒரு துகளும், அதைக் கையகல இடத்தில் கண்டுபிடித்த விதமும் இருந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். குவிமாடத்துக்குள் எந்த எண்ணெய் விடுவது என்ற விவாதம் கடை மூடும்வரை நீண்டது. பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்து தங்கள் ஜப்பான் கார்களில் ஏறி வீட்டுக்குப் போனார்கள். மழை வரும் என்று காலையிலேயே ரேடியோவில் சொல்லிவிட்டார்களாம்.