கப்பல் வராத ஊர்

மும்பை சயானில் குடியிருப்பவர்களுக்கு வெள்ளைக்காரர்களின் சொத்து விவகாரம் புதிதல்ல. 1661இல் போர்ச்சுகல் இளவரசி கேத்தரீனின் கல்யாணத்துக்கு பம்பாயையே சீதனமாக எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை, இங்கிலாந்து ராஜா, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று விழித்தார். 1668இல் வருஷம் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தள்ளிவிட்டார். கம்பெனியின் கவர்னர் ஆஞ்சியர் வந்ததும் சயான் குன்றின்மேல் கோட்டை கட்டினார். எதற்கு? எல்லைக்கு அந்தப் பக்கம் சாஷ்டியில் போர்ச்சுகீசியர்கள் இருந்தார்களே, அதற்கு! சம்பந்தி வீட்டார்மேல் அவ்வளவு நம்பிக்கை.

சீதன ஊரில் இருந்துகொண்டு லீவுக்குக் கிரய ஊருக்குப் போக ஆசைப்பட்டால், தரங்கம்பாடிக்குப் போகலாம். கடலோரத்தில் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். அறைக்குள் போய்ப் படுப்பதற்கு முன் ஊர்க் கதையைக் கேட்டுவிடுங்கள்.

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வரவேண்டும் என்று கிளம்பியவர்களே அல்ல. கண்டி அரசர் அழைக்கிறார் என்று போஷோவர் என்ற ஆசாமி கோபன்ஹேகனில் போய்ச் சொல்ல, 1618இல் ஓவே கெட்டே தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. வழியிலேயே போஷோவர் செத்துப் போனார். கண்டிக்குப் போனால் அரசர், போஷோவர் பேசி முடித்த உடன்படிக்கையை நான் ஏற்க முடியாது என்று கைவிரித்துவிட்டார். முன்னால் போன இன்னொரு கப்பலை காரைக்கால் பக்கம் போர்ச்சுகீசியர்கள் மூழ்கடிக்க, அதிலிருந்து தப்பிய ரோலண்ட் க்ராப்பே தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். நாயக்கருக்கு மிளகு விற்க ஆள் வேண்டும், இவர்களுக்கு ஒதுங்க இடம் வேண்டும். 1620இல் ஒப்பந்தம் ஆயிற்று; கப்பம் வருஷத்துக்கு 3,111 ரூபாய். தொகையைப் பார்த்தால் மொய் நோட்டில் எழுதியது போலிருக்கிறது.

கோட்டை கட்டினார்கள், டான்ஸ்போர்க் என்று பெயரும் வைத்தார்கள். அதோடு டென்மார்க்குக்கு இந்த ஊர் மறந்துபோயிற்று. ஐரோப்பாவில் சண்டை, கையில் காசில்லை. 1650இல் டேனிஷ் கம்பெனியையே இழுத்து மூடினார்கள். 1643க்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கிருந்தவர்கள் ஒவ்வொருவராக நோயில் சாய, 1655 வாக்கில் மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மனுஷன். ஆனால் கொடியை இறக்கவில்லை! வங்காள விரிகுடாவில் வருகிற கப்பல்களைப் பிடித்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். கடற்கொள்ளை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், டென்மார்க்குக்கும் வங்காளத்துக்கும் யுத்தமாம். அந்தக் காசில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், அக்கம்பக்கத்தாரின் வாயை அடைத்தார். எனக்குத் தெரிந்து இத்தனை விசுவாசமான கிளை மேலாளர் எந்தக் கம்பெனிக்கும் வாய்த்ததில்லை.

1669இல் ஒருவழியாகக் கப்பல் வந்தது. பதவி நியமன உத்தரவையும் கொண்டுவந்தது. பதினான்கு வருஷம் ஊரை ஆண்ட மனுஷனுக்கு, இனிமேல் நீர்தான் ஆளவேண்டும் என்று!

பின்னால் வந்தவர்களில் பாதிரியார் சீகன்பால்கு மட்டும் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார். 1706இல் வந்தவர் தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார். நடுவில் டேனிஷ் கவர்னரே அவரை நாலு மாசம் கோட்டைச் சிறையில் போட்டார்.

1845இல் தரங்கம்பாடி, செராம்பூர் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்குக் கிரயம். கலெக்டர் வந்து கடலைப் பார்த்த வீட்டில் உட்கார்ந்தார். கொஞ்ச வருஷத்தில் கலெக்டரும் தஞ்சாவூருக்கு மாற்றலாகிப் போக, 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. வியாபாரம் அதன் பின்னாலேயே ஓடிற்று.

அந்தக் கலெக்டர் வீடுதான் நீம்ராணா நிறுவனம் நடத்தும் பங்களா. அகன்ற தாழ்வாரம், உயரமான கூரை, ஓயாத காற்று, எல்லாம் பேஷ். அறைகளுக்கு மட்டும் டேனிஷ் கப்பல்களின் பெயர்! இந்த ஊரில் போய் யாராவது கப்பலுக்கு மரியாதை செய்வார்களா? என்னைக் கேட்டால் கடல் பார்த்த நல்ல அறையாக ஒன்றை கோங்ஸ்பாக்கேயின் பெயரில் எழுதி வைத்து, வாடகையை அவருடைய சம்பள பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்வேன்.