சுற்றுக்கு விட்ட கதைகள்

ஒரு சிறுகதைத் தொகுப்பு, ஐந்து வாசகர்கள். படித்து முடித்ததும் அடுத்தவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். இதில் தபால்துறையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. 2025 மே மாதம் தொடங்கிய 'ஞான் போஸ்ட்'டில் 300 கிராம் வரை 20 ரூபாய்தான். பார்சல் எந்த ஊரில் நிற்கிறது என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தபால்காரர் கையில் இருக்கும்வரை புத்தகம் பத்திரம். வாசகர் கைக்கு வந்த பிறகுதான் அதற்குக் கண்டம்.

அந்தக் காலத்து புக் போஸ்ட்டில் உள்ளே கடிதம் வைக்கக் கூடாது என்று விதி. நம்மவர்கள் விதியை மீறுவார்களா? கடிதத்தைப் புத்தகத்திலேயே எழுதினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சுற்றில் இருக்கும் புதுமைப்பித்தன் தொகுப்பில் 'பொன்னகரம்' கதையின் ஓரத்தில் ஒருவர் பென்சிலால் "அபாரம்!" என்று எழுதியிருக்கிறார். அதன் கீழே நீல மையில் "சுமார்". அதற்கும் கீழே பச்சை மையில் (ஓய்வுபெற்ற அதிகாரியாகத்தான் இருக்கும்) "பார்வையிட்டேன்", கூடவே தேதி, சுருக்கொப்பம். நாற்பதாம் பக்கத்தில் ரசக் கறை. அதற்குப் பிறகு ஒரு பக்கத்திலும் கைபட்ட அடையாளம் இல்லை. "கடைசிக் கதை உலுக்கிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் எழுதியவர் அந்த ரசக்காரர்தான்.

நான்காமவரைக் கேட்டால், "நாளைக்கே போட்டுடறேன் சார்" என்கிறார். விசாரித்ததில், புத்தகம் அவருடைய மைத்துனர் வீட்டில் இருக்கிறதாம். மைத்துனர் நம் பட்டியலிலேயே இல்லை.

ஐயா மைத்துனரே, படித்தாலும் படிக்காவிட்டாலும் அனுப்பிவிடுங்கள். அந்த 20 ரூபாயை நாங்களே தந்துவிடுகிறோம்.