பூஜ்யத்துக்கு இத்தனை பட்டங்களா?

அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் ஆடப்படும் கார்ன்ஹோலில் நடப்பது இவ்வளவுதான்: 27 அடி தள்ளி நின்று, சாய்வுப் பலகையிலுள்ள 6 அங்குல ஓட்டையை நோக்கிப் பையை வீச வேண்டும். உள்ளே போனால் 3 புள்ளி, பலகையில் தங்கினால் 1, மற்றதெல்லாம் பூஜ்யம். ஆனால் ஆடுபவர்கள் பேச்சைக் கேட்டால் ராணுவத் தலைமையகமே தோற்றுப்போகும். பலகையைத் தொடாமல் நேரே ஓட்டைக்குள் விழுந்தால் ‘ஏர்மெயில்’. வழுக்கிக்கொண்டு போய் விழுந்தாலும் அதே 3 புள்ளிதான். புள்ளிக்கணக்கு தர மறுத்த பெருமையைப் பெயர் தருகிறது. பலகையில் தங்கியது ‘வுடி’, ஓட்டை விளிம்பில் தொங்குவது ‘ஹேங்கர்’.

கலைச்சொல் இல்லாமல் நுட்பம் ஏது என்பார்கள். எதிராளியின் பை வழிமறித்துக் கிடக்கும்போது ஆகாய மார்க்கம்தான் கதி. ஆக ‘ஏர்மெயில்’ என்ற சொல்லுக்கு வேலை உண்டு, ஒப்புக்கொள்ளலாம். கிரிக்கெட்டில் இல்லாத சொல்லா என்றும் கேட்பார்கள். ஐந்து நாள் வெயிலில் நிற்பவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டாமா? இங்கேயோ, பலகைக்கு எட்டாமல் புல்லில் விழுந்த பைக்கும் ‘சாலி’ என்று நாமகரணம் (சொத்தை வீச்சுக்கு ஏனோ பெண் பெயர்தான் அகப்படுகிறது). வென்றவனுக்குப் புள்ளி போதும்; தோற்றவனுக்குத்தான் அகராதி தேவைப்படுகிறது. அமெரிக்கன் கார்ன்ஹோல் லீக் ஆட்டங்களை இப்போது ஈஎஸ்பிஎன் ஒளிபரப்புகிறது. வர்ணனையாளர் எந்தப் பட்டம் சூட்டினாலும், புல்லில் விழுந்த பைக்குப் பூஜ்யம்தான்.