பாட்டுப் போட்டி நடத்துத பேராண்டிக்கு

எலே பேராண்டி, ஒன் வாராந்திரப் பாட்டுப் போட்டி நோட்டீச ஒங்க ஆச்சி கண்ணாடிய வாங்கி மாட்டிக்கிட்டு முழுசாப் படிச்சேன். படிச்சு முடிக்கதுக்குள்ள காப்பி ஆறிட்டு. விதின்னு மட்டும் 23 இருக்கு. பாட்டு 3 நிமிசத்துக்கு மேல போவக்கூடாது, கோப்பு இன்ன தினுசுல இருக்கணும், அட்டப்படம் சதுரமா இருக்கணும், அரசியல் கூடாது, கெட்ட வார்த்த கூடாது. நல்லது. 'பாட்டு சொந்தமா எழுதிருக்கணும்'ங்கிறது பதினேழாவது விதியா ஒரு மூலையில கெடக்கு. அத மொதல்ல போட்டா ஆளு ஓடிருவான்னு மறைச்சு வச்சிருக்கியோ என்னவோ, கெட்டிக்காரப் பய நீ.

கைப்பேசிக் குழுவுல 400 பேரு சேந்திருக்கான், போன வாரம் பாட்டு வந்தது ஏழு. அதுலயும் ஒண்ணு ஒன் பாட்டு, ஒண்ணு ஒன் மச்சினன் பாட்டு. "ஏன் தாத்தா ஒருத்தனும் எழுத மாட்டேங்கான்?"னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கேட்ட. சொல்லுதேன். கேட்டாலும் நீ செய்யப் போறதில்ல, அது வேற விசயம்.

மொதல்ல ஒன் தலைப்பு. போன வாரம் 'மழை'. அதுக்கு முந்தி 'அம்மா'. அதுக்கும் முந்தி 'காதலும் பிரிவும்'. எலே, மழைன்னு சொன்னா எவனுக்கு என்னலே தோணும்? ஒரு சன்னலு, ஒரு காப்பி, ஒரு பழைய காதலி. வந்த பாட்டு எல்லாத்துலயும் சன்னல் இருக்கு. ஒரு பாட்டுல ரெண்டு சன்னல். தச்சனுக்குப் போட்டி வச்சிருந்தாக்கூட இவ்வளவு சன்னல் வந்திருக்காது.

தலைப்ப எப்பிடிக் குடுக்கணும்னு கேளு. சான்பிரான்சிஸ்கோவுல மார்க் வைடன்பாம்னு ஒரு மனுசன் இருக்காரு. 2012 சனவரியில 'டிஸ்குவைட் ஜுன்டோ'ன்னு இசைக்காரங்க கூட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாரு. 1727ல பிலடெல்பியாவுல பெஞ்சமின் பிராங்கிளின் தன் சேக்காளிமாரச் சேத்துக்கிட்டு வெள்ளிக்கெழம சாயந்தரம் கூடிப் பேசுன சபைக்கு ஜுன்டோன்னு பேரு, அதத்தான் இவரு எடுத்து வச்சிக்கிட்டாரு. அந்தச் சபையிலகூட மூணு மாசத்துக்கு ஒரு கட்டுரதான் கேட்டாவ. இவரு வாரத்துக்கு ஒண்ணு கேக்காரு. மொத வாரம் குடுத்த வேல என்ன தெரியுமா? ஒரு தம்ளர்ல ஐஸ்கட்டியப் போட்டு ஆட்டு, அந்தச் சத்தத்தப் பிடி, அத வச்சு எதையாவது செய்யி. அவ்வளவுதான்.

நீ சிரிப்ப. ஆனா அதுல ஒரு சூது இருக்கு, பாத்துக்க. லட்ச ரூவாய்க்கு மைக்கு வாங்கி வச்சிருக்கவனும் ஐஸ்கட்டியத்தான் ஆட்டணும், கீறல் விழுந்த கைப்பேசிய வச்சிருக்கவனும் அதே ஐஸ்கட்டியத்தான் ஆட்டணும். அங்க எவன் பெரியவன், எவன் சின்னவன்? 'எனக்குக் கற்பன வரல'ன்னு எவனும் தப்பிக்க முடியாது, ஏன்னா அவரு கற்பனையக் கேக்கவே இல்ல. 2021லயே 500 வாரத்தத் தாண்டிட்டு. முடிவுல மொதப் பரிசு, ரெண்டாம் பரிசுன்னு ஒரு எழவும் கெடையாது.

நீயும் அப்பிடிக் குறுக்கிப் பிடி. ரேஷன் கடை வரிசையில நிக்கவன் பாட்டு, அதுல 'நிலா' வந்தா பாட்டு செல்லாது. இல்லன்னா ஒங்க வீட்டு மிக்சி எந்தச் சுதியில கத்துதோ அந்தச் சுதியில ஒரு தாலாட்டு. நமக்கு என்னமோ இது புதுசு மாதிரி முழிக்காத. ஈத்தடியக் குடுத்து வெண்பா கேட்ட ஊருலே இது. காளமேகத்த யமகண்டம் பாடச் சொன்ன கதை தெரியும்லா? கீழ கொதிக்கிற எண்ணெக் கொப்பர, மேல உறியில மனுசன், ஒடம்பச் சுத்திக் கத்தி. அப்பிடி உக்காந்துக்கிட்டுக் கேக்கக் கேக்கப் பாடணுமாம். ஒன் 23 விதி அதுக்கு எவ்வளவோ தேவல. ஆனா காளமேகத்துக்கிட்ட சதுரமா அட்டப்படம் கேக்கல, அத மட்டும் சொல்லி வைக்கேன்.

அடுத்தது கெடு. 'நண்பர்களின் அன்பு வேண்டுகோளுக்கிணங்க' நீ கெடுவ நீட்டின சமாச்சாரத்தையும் பாத்தேன். யாரந்த நண்பர்? ஒன் மச்சினன்தான? நாங்குநேரி பக்கம் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாடப் போனா சாமக்கொடைக்கு நேரம் சொல்லிருவாவ. மாடன் சாமி கதை அந்த நேரத்துக்கு அந்த எடத்துல வந்து நிக்கணும். 'புலவருக்குத் தொண்ட கட்டிட்டு, சாமி செத்த நேரம் பொறுக்கட்டும்'னு எவனாவது சொல்லிப் பாக்கட்டும், சாமியாடி வல்லயத்தோட வந்து முன்னால நிப்பான். அந்தப் பயத்துலயே கதை ஓடி வந்து சேந்துரும். ஜுன்டோக்காரரு வியாழக்கெழம வேலையக் குடுத்து, திங்கக்கெழம ராத்திரி 11:59க்குக் கடையச் சாத்திருதாரு. ஏழு நாளுகூடக் குடுக்கல பாரு. ஏழு நாளு குடுத்தா நம்ம பய ஆறு நாளு யோசிக்கேன்னு சொல்லித் தூங்குவான். நடுவுல ஞாயித்துக்கெழம வருத மாதிரி நாலஞ்சு நாளு குடு, போதும்.

பிப்ரவரி மாசம் மட்டும் நடக்கிறது ஒண்ணு இருக்கு, 2004ல பர் செட்டில்ஸ்னு ஒருத்தரு தொடங்கினது. 28 நாளைக்கு 14 பாட்டு. லீப் வருசம் வந்தா பதினாலரப் பாட்டுன்னு கணக்கு வச்சிருக்காவ. அந்த அரப் பாட்ட எப்பிடி எழுதுவாவன்னு நானும் ரொம்ப நாளா மண்டையப் போட்டுக் கொடஞ்சேன். கெடுவுல அவ்வளவு கறார், பாத்துக்க. பாட்டு எப்பிடி இருந்தா என்னன்னு விட்டுருதாவ, எண்ணிக்கைய மட்டும் விட மாட்டேங்காவ. நீ அப்பிடியே தலகீழா நடத்துத. கெடு ரப்பர் மாதிரி இழுபடுது, பாட்டு வந்தா மட்டும் 'ராகம் விலகுது, மோனை இடிக்கி'ன்னு வாத்தியார் பெரம்பத் தூக்குத.

பரிசு விசயம் சட்டுனு சொல்லி முடிச்சிருதேன். ஹெட்போன் தாரேன்னு நீ சொன்ன வாரம் மட்டும் பாட்டு நாப்பது வந்துச்சு. எல்லாம் ஒரே கொரல்ல, சளி பிடிக்காத கொரல்ல. நாலு வார்த்த தட்டிவிட்டா பாட்டக் கக்குத மெசினு இப்ப எல்லாப் பய கையிலயும் இருக்கு. நீ அதுக்கப்புறம் விதி 18ல இருந்து 23 வரைக்கும் எழுதினது பூரா அந்த மெசினப் பிடிக்கத்தான். எதுக்குலே போலீசு வேல? ஹெட்போன எடுத்து உள்ள வையி. பரிசே இல்லாத எடத்துல எவன் திருடுவான்? ஓட்டெடுப்பும் அப்பிடித்தான். 2000ல இருந்து 'சாங் ஃபைட்'னு ஒண்ணு நடக்கு, தலைப்பக் குடுத்துப் பாட்டு வாங்கி சனங்க கையில ஓட்டுக்கு விடுதாவ. அவியளுக்கு அது சரிப்பட்டு வருது, இருக்கட்டும். நமக்கு ஓட்டுன்னாலே கையி நீளும், வேண்டாம்.

இப்ப நான் ஒண்ணு கேக்கேன். வந்த ஏழு பாட்டுல நீ எத்தனைய முழுசாக் கேட்ட? தலையச் சொறியாத. ஒன் பாட்ட நீ பதினஞ்சு தடவ கேட்டிருப்ப, அது கணக்குல வராது.

நான் வில்லு செட்டுல குடம் அடிச்சவன். ஊருக்கு நான் குடக்காரன், ஆனா எனக்கு ரெண்டு சோலி. கையி குடத்துல, வாயி 'ஆமா'வுல. புலவர் வீசுகோலால வில்லத் தட்டி ஒரு அடி பாடி நிறுத்துவாரு, நான் ஆமாம்பேன். இதுல என்ன பெரிய வேலன்னு நீ நெனப்ப. வெறும் ஆமா போட்டா புலவர் மொறைப்பாரு. மாடன் சுடுகாட்டுக்குப் போறான்னு அவரு சொன்னா, 'இந்நேரத்துலயா? தனியாவா?'ன்னு நான் கேக்கணும். நான் கேட்டாத்தான் அவருக்கு அடுத்த அடி சூடா வரும். முன்னால துண்ட விரிச்சிக் கண்ணசந்த கெழவியும் 'தனியாவா போனான்?'னு எந்திரிச்சு உக்காருவா. ஆமா போடத் தெரியாத செட்ட மறு வருசம் எவனும் கூப்பிட மாட்டான். புலவரு கொரலு எவ்வளவு ஒசந்ததா இருந்தாலும் சரி.

ஒன் கூட்டத்துல ஆமா எப்பிடி விழுது? 'சூப்பர் ப்ரோ', ஒரு நெருப்புப் பொம்ம. 'செம', ரெண்டு நெருப்புப் பொம்ம. பாட்டு 3 நிமிசம், போட்ட ஒரு நிமிசத்துக்குள்ள நெருப்பு எரியுது. கேக்காமலே கொளுத்திட்டுப் போறானுவ.

கோயமுத்தூர்ல நர்ஸு வேல பாக்குன்னு சொன்னியே ஒரு புள்ள, அது நைட் டூட்டி முடிச்சி பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கைப்பேசியில பாடி அனுப்பிருக்கு. பின்னால கண்டக்டரு 'உக்கடம் உக்கடம்'னு கத்துதது கேக்கு. ரெண்டாவது சரணத்துல அவன் கத்துததும் இவ தாளமும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா வந்து விழுது. அந்த ரெண்டு வரி நேரத்துக்கு அவன்தான் அவளுக்குக் குடக்காரன். அவளே அதக் கவனிச்சாளோ என்னவோ. அதுக்குக் கீழ ஒன் ஆளுவ என்ன எழுதி வச்சிருக்கான்? 'ஆடியோ குவாலிட்டி இம்ப்ரூவ் பண்ணலாம் சிஸ்டர்.' அதுவும் எவன்? ஒரு வருசமா ஒரு பாட்டுகூடப் போடாம மைக்கு மட்டும் வாங்கிக்கிட்டே இருக்கானே, அவன். இனிமே அந்தப் புள்ள அடுத்த வாரம் எதுக்குப் பாடணும்? அந்நேரத்துக்கு வீட்டுக்குப் போயிக் கண்ணசந்தாலாவது புண்ணியம்.

ஆக விதிய எல்லாம் அழிச்சிட்டு இத எழுது: பாட்டு ஒண்ணு போட்டவன் அடுத்தவன் பாட்டு மூணுக்கு ஆமா போடணும். எந்த எடத்துல காது நின்னுச்சின்னு எழுதணும், எந்த வரி, எந்தச் சத்தம்னு. நெருப்புப் பொம்மைக்குத் தட. ஆமா போடாதவனோட அடுத்த பாட்டு ஏறாது.

இன்னொண்ணு. மீதி 393 பேரையும் 'சோம்பேறிகளே'ன்னு விளிச்சி நீ ஒரு கடுதாசி எழுதிருக்க. கோட்டி பிடிச்சிட்டாலே ஒனக்கு? கொடைக்கு வந்த சனம் அத்தனையும் வில்ல எடுத்துப் பாட ஆரம்பிச்சா எப்பிடி இருக்கும்? 393 சோடிக் காது ஓசியில வந்து உக்காந்திருக்கு, அதுவளப் போயி ஏசுத. அவியளுக்கு ஆமா போடுத சோலியக் குடு. அதுல பத்துப் பேரு ரெண்டு மாசம் ஆமா போட்டுக்கிட்டே இருந்துட்டு, 'இத நானே எழுதிருவேன் போலுக்கே'ன்னு தன்னால வில்லுக்கிட்ட வருவான். எங்க செட்டுல அப்பிடி வந்தவனுவதான் எல்லாரும்.

அப்பவும் கேக்க மாட்டானுவன்னா அந்தாதி வையி. மொத ஆளு பாட்டு எந்த வார்த்தையில முடியுதோ, ரெண்டாவது ஆளு அதுலதான் தொடங்கணும். முழுசாக் கேக்காம எங்கன தொடங்குவான்? 1976ல 'மூன்று முடிச்சு' படத்துல படகுல போறப்ப வருத பாட்ட கண்ணதாசன் அப்பிடித்தான் எழுதுனாரு, விசுவநாதன் மெட்டுல. ஒரு சரணத்தோட வாலப் பிடிச்சி அடுத்தது ஏறி வரும். ஒன் ஆளுவ வால் பிடிக்கதுல மோசமில்ல, அத நல்ல காரியத்துக்குப் பிடிக்கட்டும்.

நடத்துத நீ மொத ஆளா ஒரு சொத்தப் பாட்டப் போடு. சொத்தன்னா நெசமாவே சொத்தையா இருக்கணும். நீ எப்பவும் கடைசி நாளு ராத்திரி, எல்லாப் பாட்டையும் பாத்துட்டு, வயலினெல்லாம் வச்சி ஒண்ணு எறக்குத. அதப் பாத்த ஒடனே பாதிப் பேரு தன் பாட்டப் பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டிருதான். தலைவரே இப்பிடித்தான் பாடுதாரான்னு தெரிஞ்சா கூச்சம் போவும். ஒனக்கு இது ரொம்பக் கஷ்டமா இருக்காதுன்னுதான் நெனைக்கேன்.

அப்பறம், மூச்சு வாங்குனா நிறுத்து. 'வீக்லி பீட்ஸ்'னு ஒண்ணு, வருசம் பூரா வாரம் ஒரு பாட்டு, 2012ல தொடங்கினது. அடுத்தது 2014, அப்பறம் 2016. ஒரு வருசம் வெள்ளாம, ஒரு வருசம் தரிசு, நம்ம மானாவாரிக் காட்ட ஆறப் போடுத மாதிரி. ஜோனதன் கூல்டன்னு ஒருத்தரு 2005 செப்டம்பர்ல தொடங்கி ஒரு வருசம் வாராவாரம் ஒரு பாட்டுப் போட்டாரு, அதுக்குன்னு மென்பொருள் வேலைய விட்டுட்டாரு. அந்தப் பாட்டுக்கெல்லாம் ஆள் சேந்துது, பொழச்சிக்கிட்டாரு. நீ அந்தக் கதையப் படிச்சிட்டு ஆபீசுல காயிதம் எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்காத. ஒங்க அப்பன் என்னியத்தான் ஏசுவான்.

சரி, வியாழக்கெழம தலைப்பு போடையில எம் பேரையும் சேத்துக்க. பாட்டெல்லாம் அனுப்ப மாட்டேன், 'ஆமா போடுதவரு'ன்னு எழுதிக்க. அந்த நர்ஸு புள்ள பாட்டுலருந்து தொடங்குதேன், கண்டக்டர் விசயத்த அவகிட்ட யாராவது சொல்லணும்லா. சம்பளமெல்லாம் வேண்டாம். கைப்பேசிக்கு நெட்டுக் காசு மட்டும் மாசாமாசம் நீ ஏத்திவிட்ரு, ஆச்சிக்குத் தெரியாம.