எங்கள் வீட்டில் வீணான பொருள் கிடையாது

குழந்தைகளுக்கான கைவேலைக் குறிப்பு எதை எடுத்துப் பார்த்தாலும் முதல் வரி ஒன்றுதான்: ‘வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருட்களைக் கொண்டே எளிதாகச் செய்யலாம்.’ இதை எழுதுகிறவர்கள் தனிக்கட்டைகளாக இருக்க வேண்டும். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வசிக்கும் வீட்டில் கிடக்கிற பொருள் உண்டு; வீணாகக் கிடக்கிற பொருள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். தொட்டால் சத்தம் வரும். கரும்புச் சக்கையைக்கூடச் சும்மா விடாத மாநிலம் இது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் அதைக் கொண்டுதான் காகிதமே செய்கிறது. இந்த லட்சணத்தில் எங்கள் வீட்டில் எதை வீண் என்று எடுப்பது?

மே மாதம். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. காலை பத்து மணிக்கெல்லாம் கைப்பேசிக்காகச் சண்டை ஆரம்பித்துவிடும். “நீங்க ஒரு நாளாவது புள்ளைங்களோட உக்காந்து எதையாவது செய்யுங்களேன்” என்றாள் மனைவி. நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவன். காகிதத்தோடுதான் என் பிழைப்பு. நாலு காகிதப் பொம்மை செய்வது என்ன பிரமாதம் என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பனியனும் லுங்கியுமாகக் கூடத்தில் உட்கார்ந்தேன்.

பரண்மேல் செய்தித்தாள் கட்டு இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறியதுமே சமையலறையிலிருந்து குரல் வந்தது. “அதுல கை வைக்காதீங்க. மாசக் கடைசியில பேப்பர்காரர் வருவாரு.” பழைய பேப்பர் என் மனைவியின் தனி வருமானம். கட்டின் உயரத்தைப் பார்த்தே இத்தனை கிலோ என்பாள். தராசு குறைத்துக் காட்டினால் நாங்கள் தராசைத்தான் சந்தேகப்படுவோம். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு, மனை விற்பனை விளம்பரம் மட்டுமே வந்த இணைப்புத் தாள்களை விட்டுக்கொடுத்தாள்.

நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் ஸ்கேல் வைத்தது போல நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு எங்கோ போகும். காகிதம் தயாராகும்போது எந்திரம் ஓடுகிற திசையிலேயே நார்களும் படுத்துவிடுவதுதான் காரணம். பட்டை பட்டையாகக் கிழித்துத் தோரணம் ஒட்ட இது தெரிந்திருந்தால் கத்தரிக்கோலே வேண்டாம். இதைச் சின்னவனுக்கு விளக்கினேன். அவன் விஞ்ஞான ஆர்வத்தில் எல்லாத் தாளையும் இரண்டு திசையிலும் கிழித்துப் பார்த்தான். கூடுவாஞ்சேரியிலிருந்து திண்டிவனம் வரைக்குமான அத்தனை மனைகளும் பத்திரப் பதிவு இல்லாமலே உட்பிரிவு செய்யப்பட்டுவிட்டன.

அடுத்து தினசரி காலண்டர். கிழித்த தாள்களைப் பார்த்தால் கைவேலைக்கென்றே அளவெடுத்து வெட்டியது போலிருக்கும். ஆனால் அவை அம்மாவின் சொத்து. பின்பக்கத்தில் பால் கணக்கு, மருந்துப் பெயர், யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன மொய் என்று எல்லாம் எழுதி, கிளிப் போட்டு வைத்திருக்கிறாள். “அமாவாசை, பிரதோஷம் இருக்கிற தாளை விட்டுடு. மத்தது எடுத்துக்கோ” என்றாள். தணிக்கைக்குப் பிறகு கைக்கு வந்தவை எல்லாம் கரிநாள்.

பசை விஷயத்தில் மட்டும் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளலாம். கடைப் பசை காய்ந்துபோய்க் கிடந்தது. சோற்றுப் பசை போதும் என்றாள் அம்மா. அதில் ஒட்டினால் பொம்மைக்கு அடியில் பருக்கை முட்டிக்கொண்டு நிற்கும், எறும்பும் வரும். ஆகவே மைதா. ஒரு பங்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மேலும் நாலு பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போல ஆகும், அதுதான் பதம். புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், குழந்தைகள் புழங்கும் பசைக்கு ஆகாது. ஆகையால் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குக் காய்ச்சிவிட வேண்டும். சின்னவன் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். “உப்பு இல்லப்பா” என்றான். சுவரொட்டியை மாடு கிழித்துத் தின்பது கட்சிக் கோபத்தினால் அல்ல, மைதாவினால் என்பதை வீட்டிலேயே நிரூபித்துவிட்டோம். நான் அடுப்பில் செய்து, யாரும் முகம் சுளிக்காத முதல் பதார்த்தமும் இதுதான்.

பசை தயாரானதும் பெரியவளுக்குக் கிரீடம் செய்ய ஆசை வந்தது. அதற்குக் கல்யாணப் பத்திரிகையைவிட நல்ல அட்டை உலகத்தில் கிடையாது. தடிமன் இருக்கிறது, வழவழப்பு இருக்கிறது, ஓரத்தில் தங்க ஜரிகை வேறு. ஆனால் மேலே பிள்ளையார் இருப்பதால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் வீட்டில் பூஜை அலமாரிக்குப் பின்னால் ஒரு துணிப்பை நிறைய இருந்தன. பிள்ளையாரை மட்டும் மரியாதையாக வெட்டித் தனியே வைத்துவிட்டு மற்றதை உபயோகிக்கலாம் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். கிரீடம் அமோகமாக வந்தது. ராத்திரி மனைவி கேட்டாள்: “நாளைக்குச் சித்தப்பா பொண்ணு கல்யாணம், மண்டபம் எங்கங்க? பத்திரிகையைக் காணோம்.”

சின்னவனைக் கிரீடத்தோடு டியூப் லைட்டுக்கு அடியில் நிற்கவைத்து, மெதுவாகச் சுழலச் சொல்லிப் படித்தோம். வலது காதுக்கு மேலே ‘மடிப்பாக்கம்’ தெரிந்தது. பிடரியில் ‘காலை 9.00 மணிக்கு மேல்’ என்று இருந்தது. எத்தனை மணிக்குள் என்பது மைதாவுக்கு அடியில். பிரிக்கப் பார்த்தால் எழுத்தும் சேர்ந்து கிழிந்து வருகிற பசை. பையனை அப்படியே கிரீடத்தோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மாப்பிள்ளை வீட்டார் அவனை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு வேறொரு நஷ்டம். தீப்பெட்டி ரயில் செய்யலாம் என்று தேடினால், கேஸ் லைட்டர் வந்த பிறகு தீப்பெட்டி மிஞ்சியிருக்கும் ஒரே இடம் பூஜையறை. உள்பெட்டிகளை வரிசையாக நூலில் கோத்தால் சரக்கு ரயில். மேல்கூடுகளை ஒட்டினால் இன்ஜின். சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். சட்டைக்குச் சொந்தக்காரன் நான் என்பதால் அதில் தகராறு இல்லை. பெட்டியிழந்த குச்சிகளை அம்மா டம்ளரில் போட்டு வைத்தாள். அன்று மாலை விளக்கேற்றக் குச்சியை எதில் உரசுவது? ரயிலின் இன்ஜினில்தான். 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாகிவிட்டதை எனக்கு நினைவூட்டிக்கொண்டேதான் உரசினாள்.

இனி மடிப்பு. இதற்கு வேண்டிய காகிதத்தை யாருடைய எதிர்ப்பும் இல்லாமல் நானே கொண்டுவந்தேன்: ஒரு பக்கம் மட்டும் அச்சான, காலாவதியாகிப்போன அலுவலகச் சுற்றறிக்கைகள். எங்கள் வீட்டுக்குள் வந்த ஒரே உண்மையான வீண்பொருள் அதுதான்.

கப்பல் செய்வது எல்லாருக்கும் தெரியும் என்பார்கள். தாளைப் பாதியாக மடிக்க வேண்டும். மடிப்புப் பக்கத்து மூலைகள் இரண்டையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கீழே மிஞ்சும் பட்டையை முன்னும் பின்னுமாக மேலே தூக்கிவிட்டால் தொப்பி. இதுவரை நான் சமர்த்தன். அடுத்த கட்டம்: தொப்பியின் வாயைத் திறந்து, எதிர்ப்பக்கமாக அமுக்கினால் சதுரம் கிடைக்கும். எனக்குக் கிடைத்ததில்லை. என் கையில் அது கசங்கிய தொப்பியாகும்; அடுத்த முயற்சியில் கிழிந்த தொப்பியாகும். கைப்பேசிக் காணொளியைப் போட்டுப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் இரண்டு கையும் குறுக்கே வந்து மறைக்க, “இவ்வளவுதான் ஃப்ரெண்ட்ஸ், ரொம்ப ஈஸி” என்று கப்பல் வந்துவிடுகிறது.

புத்தகத்தில் புள்ளிக்கோடும் அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். ஜப்பானிய ஓரிகாமிக் கலைஞர் அகிரா யோஷிசாவா (1911–2005) உருவாக்கிக் கொடுத்த முறை அது. எந்த மொழிக்காரரும் பார்த்து மடிக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்த எந்த மொழிக்காரரிலும் நான் சேர்த்தியில்லை.

இதில் என் மானத்தை வாங்குகிற இன்னொருவர் டி. சுந்தர ராவ். 1893இல் சென்னையில் காகித மடிப்பு வழியே வடிவியல் சொல்லித்தரும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வெளியிட்டவர். அளவுகோலும் காம்பஸும் இல்லாமல், வெறும் சதுரத் தாளை மடித்தே ஐங்கோணம், அறுகோணம் என்று போய்க்கொண்டே இருப்பார். குழந்தைகள் பள்ளியில் மடித்து விளையாடும் கலர்த் தாள்கள்தான் அவருக்கு இந்த யோசனையைக் கொடுத்தன. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்டு எழுத, 1901இல் அமெரிக்காவிலும் பதிப்பு வந்தது. இத்தனைக்கும் ராவ், வருவாய்த் துறையில் இருந்து டெபுடி கலெக்டர் வரை உயர்ந்தவர். அரசு உத்தியோகம் பார்த்தால் மூளை மழுங்கிவிடும் என்று இத்தனை காலம் வீட்டில் சொல்லி வந்த சமாதானம் இவரால் அடிபட்டுப் போயிற்று. நானும் அரசு ஊழியன்; நானும் காகிதம் மடிக்கிறேன்; இரண்டாக மடித்து, நூல் கட்டி, ‘மறு உத்தரவுக்கு வைக்கவும்’ என்று எழுதுவதோடு சரி.

ஆகவே வீடு முழுக்கத் தொப்பி. செய்தித்தாள் விரிதாளில் செய்தால் பெரியவர்கள் தலைக்குச் சரியாக இருக்கும்; பெயின்ட் அடிக்கிறவர்கள் தலையில் பார்த்திருப்பீர்கள். சுற்றறிக்கையில் செய்தால் கரடிபொம்மைக்கு. காலண்டர் தாளில் செய்தது ஊறுகாய் ஜாடிக்கு. “அப்பா, கப்பல்” என்று சின்னவன் ஞாபகப்படுத்துவான். “முதல்ல மாலுமிக்குத் தொப்பி வேணாமா?” என்பேன். ஒரு கட்டத்தில் கப்பலே இல்லாத கடற்படை ஒன்று எங்கள் கூடத்தில் அணிவகுத்து நின்றது.

சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு சுற்றறிக்கையை உருவி மடித்துக் கத்திக்கப்பலாகக் கீழே வைத்தாள். விளம்பர இடைவேளையில் இரட்டைக்கப்பல். “உங்கப்பா மாதிரியேடா நீ. அவருக்கும் வேட்டியைத் தவிர வேற எதையும் மடிக்கத் தெரியாது” என்றாள். பெரியவள் உடனே கட்சி மாறிப் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலத்துக்குள் கற்றும் கொண்டாள்.

கப்பல் இருந்து என்ன, விட வேண்டாமா? நம் ஊர்க் கப்பலெல்லாம் ஐப்பசி மழைக்கு ஏற்பட்டவை. பள்ளிக்கூடம் லீவு விடுவதோ மேயில், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் காலத்தில். ஓர் அண்டாத் தண்ணீர் கேட்டதற்கு மனைவி பார்த்த பார்வையில் அரை பக்கெட் வாங்கினேன். கப்பலின் அடியில் மெழுகுவத்தியை அழுத்தித் தேய்த்தால் சீக்கிரம் ஊறாமல் மிதக்கும். இது நிஜமாகவே பலிக்கிற உபாயம். மிதந்து முடித்த தண்ணீர் துளசிமாடத்துக்குப் போயிற்று. அதுவும் வீணில்லை.

காற்றாடி பற்றியும் சொல்லிவிடுகிறேன். சதுரத் தாளின் நாலு மூலையிலிருந்தும் நடுப்புள்ளியை நோக்கி முக்கால் தூரம் வெட்டி, ஒன்று விட்டு ஒரு முனையாக நடுவில் கொண்டுவந்து குண்டூசி குத்த வேண்டும். தாளுக்கும் குச்சிக்கும் நடுவே ஒரு பாசிமணி கோத்தால்தான் தடையில்லாமல் சுற்றும். குச்சிக்குத் தென்னை விளக்குமாறு. “புதுசு அது!” என்று கத்தல். குளிர்பானக் குழாய் ஒன்றில் சமரசமானோம். மின்விசிறிக்கு அடியில், காற்றாடியின் முகத்தை மேலே காட்டிப் பிடித்தால் வெறிபிடித்துச் சுற்றும். அப்படிச் சுற்ற ஆரம்பித்த அரை மணியில் கரண்ட் போனது. அதற்கும் என்னையே பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் பேப்பர்காரர் வந்தார். மனைவி சொன்ன எடைக்கும் தராசுக்கும் இடித்தது. எல்லாரும் என் பக்கம் திரும்ப, அட்டைப்பெட்டி நிறையத் தொப்பியும் கப்பலுமாகக் கொண்டுவந்து வைத்தேன். “இதுல காத்துதான் சார் அதிகம். பிரிச்சு அடுக்கிக் குடுங்க, எடுத்துக்கறேன்” என்றார் அவர்.

பெரியவள் கணக்குப் போட்டாள். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. சதுர மீட்டருக்கு 80 கிராம் என்று கட்டின் உறையில் போட்டிருக்கும். ஆகத் தாள் ஒன்றுக்கு 5 கிராம், கிலோவுக்கு 200 கப்பல். கிலோ பன்னிரண்டு ரூபாய் என்றால் கப்பல் ஒன்று ஆறு பைசா. தன் போர்க்கப்பலின் மதிப்பு ஆறு பைசா என்று கேட்டதும் சின்னவன் பெட்டியிலிருந்த கப்பலையெல்லாம் வாரிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். தொப்பிகளை அவன் சீண்டவில்லை.

பிரித்து அடுக்க உட்கார்ந்தேன். பிரிப்பதாவது எனக்கு வரும். பேப்பர்காரர் ஒரு தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயைத் திறந்து எதிர்ப்பக்கமாக ஓர் அமுக்கு, மேலே ஒரு மடிப்பு, மறுபடி ஓர் அமுக்கு, இரண்டு நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு. கப்பலைக் கட்டிலுக்கு அடியில் நீட்டினார்.

“சார் பாதியிலயே நிறுத்திட்டாரு போல” என்றார் மனைவியிடம்.

“எல்லா வேலையும் அப்படித்தான்” என்றாள் அவள், தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.