மாப்பிள்ளை மட்டும் வந்தால் போதுமா?

கேள்வி: என் டெபியன் கணினிக்கு இணையம் கிடையாது. பென்டிரைவில் விஎல்சி வீடியோ இயக்கி கொண்டுவந்து நிறுவினால், அது இல்லை, இது இல்லை என்று அழுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: மாப்பிள்ளையை மட்டும் அழைத்தால் கல்யாணம் நடக்குமா? மாமன், மச்சான், ஒன்றுவிட்ட சித்தப்பா என அது சார்ந்திருக்கும் மற்ற தொகுப்புகள் எல்லோரும் வந்தால்தான் விஎல்சி மணவறையில் உட்காரும். அந்த உறவுப் பட்டியலை எழுதித் தர 'ஆப்ட்-ஆஃப்லைன்' என்ற கருவி இருக்கிறது. உங்கள் கணினியில் அதன் 'செட்' கட்டளை கொடுத்தால் சின்னக் கோப்பு ஒன்று கிடைக்கும். அதை இணையம் உள்ள நண்பர் வீட்டுக்கு எடுத்துப் போய் (விண்டோஸ் ஆனாலும் பாவமில்லை) 'கெட்' கொடுத்தால் மொத்தக் கூட்டமும் இறங்கும். திரும்பி வந்து 'இன்ஸ்டால்', பிறகு வழக்கமான ஆப்ட் கட்டளை. ஆப்ட்-ஆஃப்லைனையே முதலில் பென்டிரைவில்தான் கொண்டுவர வேண்டும் என்பது தனிக்கூத்து! டெபியன் டிவிடி கையில் இருந்தால் 'ஆப்ட்-சிடிரோம்' போதும், அலைச்சல் மிச்சம்.

2021 பிப்ரவரியில் இராணுவ ஆட்சி வந்ததும் நள்ளிரவு 1 மணிக்குப் படுத்துக் காலை 9 மணிக்கு எழுந்த இணையத்தைப் பார்த்த ஊர் உங்களுடையது. எதையும் முன்கூட்டியே இறக்கி வைப்பது நல்லது. நண்பர் வீட்டுக்குக் கிளம்பும் முன், அங்கே கரண்ட் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுவிடுங்கள்.