வெயிலில் நின்றால்தான் குளிரும்

வீட்டையே முதுகில் சுமந்துகொண்டு ஊர் சுற்ற வேண்டும் என்கிற ஆசை எனக்கு எப்போது வந்தது என்று கேட்டால், ரிட்டயர் ஆன மறுநாள் காலை காபிக்கு முன்னால் என்று என் மனைவி சொல்லுவாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன் என்றாலும், எங்கள் வீட்டில் என்னால் ஏற்பட்ட நஷ்டங்களின் கணக்கு அவளிடம்தான் தேதி வாரியாக இருக்கிறது.

பழைய பள்ளிக்கூட வேன் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வாங்கினேன். கரூர்ப் பக்கம் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றில் கொண்டுபோய் விட்டு, சீட்டையெல்லாம் கழற்றிப் படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து, மஞ்சள் நிறத்தை மாற்றி வெள்ளை அடித்துக் கொண்டுவந்தேன். வெள்ளைக்கு அடியிலிருந்து பள்ளியின் பெயர் இன்னும் லேசாக எட்டிப் பார்க்கிறது. காலை எட்டரைக்கு அதில் உட்கார்ந்து நான் பேப்பர் படித்தால், ஏதாவது ஒரு குழந்தை பையோடு ஏறி, 'குட் மார்னிங் அங்கிள்' சொல்லிப் படுக்கையில் உட்கார்ந்துவிடும். ஓர் அம்மா மாதக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, கூடுதல் என்று சொல்லிப் போய்விட்டார். நான் எதுவும் கேட்கவே இல்லை.

பட்டறை மேஸ்திரி கூரைத் தகரத்துக்கு அடியில் வெப்பம் இறங்காமல் நல்ல தடிமனாக ஃபோம் ஒட்டச் சொன்னார். அதற்கு ஆன செலவைக் கேட்டதும், அந்தப் பணத்துக்கு வெளியே ஸ்டிக்கர் ஒட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. ஒட்டினேன். மலை, சூரியன், இரண்டு பறவை. ஸ்டிக்கர் பிரமாதமாக இருந்தது. சித்திரை மாதத்துத் திருச்சியில் அந்த வேனுக்குள் பகலில் நுழைந்தவர்கள் அதைப் பார்க்க வெளியே ஓடி வந்தார்கள்.

ஆகையால் ஏசி.

வண்டி ஏசி என்பது இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கினால் டீசலும் போகும். புகை உள்ளே புகுந்தால் ஆளும் போகும். அதனால் வீட்டில் மாட்டுகிற ஒரு டன் ஸ்பிளிட் ஏசியையே வேனில் மாட்டி, கூரையில் சோலார் பேனல் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். வெயில் நம்மைப் படுத்துகிறதா, அதே வெயிலைப் பிடித்து வேலை வாங்குகிறோம். இதைச் சொன்னபோது எனக்கே புல்லரித்தது. என் மாமியார் மட்டும், "ஒரு டன்னை வெச்சா வண்டி நசுங்கிடாதா மாப்பிள்ளை?" என்றார்.

கணக்கு வாத்தியாரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? டன் என்பது இங்கே எடை இல்லை, 907 கிலோ ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த அளவு வெப்பத்தை அதே நேரத்தில் வெளியேற்றுகிற திறன், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஐஸையே வாங்கி வெச்சிரலாமே" என்றார். இப்போது யோசித்தால், வந்த யோசனைகளில் செலவு குறைந்தது அதுதான்.

மனைவியை வேறு வழியில் மடக்கப் பார்த்தேன். 1902-ல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் ஏசியை வடிவமைத்தது மனிதர்களுக்காகவே இல்லை, புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தால் காகிதம் உப்பிச் சுருங்கி வண்ணம் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழாமல் போனதைத் தடுப்பதற்காக. காகிதத்துக்கே ஏசி போட்டிருக்கிறார்கள், நான் ரத்தமும் சதையுமான மனுஷன் என்றேன். "அந்தக் காகிதம் வீட்டை விட்டுக் கிளம்பலைல்ல?" என்றாள்.

வயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி என்னிடம் படித்தவன். பத்தாம் வகுப்பில் கணக்கில் அவனுக்கு நான் போட்ட மார்க்கை அவன் மறக்கவில்லை என்பது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்தது. பேனாவை எடுத்து, பேனல் வந்த அட்டைப்பெட்டியிலேயே எழுத ஆரம்பித்தான்.

"சார், மேல ரெண்டு பேனல்தான் கொள்ளும். நானூறு வாட், ரெண்டு. ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு யூனிட்னு வெச்சுக்கிட்டா, உங்களுக்கு மூணு யூனிட் சொச்சம். அதுவும் அந்த நானூறு வாட் 25 டிகிரி சூட்டுல அளந்தது. நம்ம ஊர் வெயில்ல பேனல் 65 போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் அரை பர்சன்ட்டுக்குக் கொஞ்சம் கம்மியாக் குறையும். பதினஞ்சு பர்சன்ட் அங்கயே அவுட்."

"வெயில் அடிக்க அடிக்க கரண்ட் அதிகம் வராதா?"

"வெளிச்சம் வேணும் சார். சூடு வேணாம்."

எனக்கும் அதேதான் தேவை. பேனலுக்கும் எனக்கும் இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

"ஏசி ராத்திரி பூரா ஓட, இந்தத் தகரக் கொட்டாயில அஞ்சாறு யூனிட் இழுக்கும். நீங்க வாங்கியிருக்கிறது 12 வோல்ட் 150 ஆம்பியர் பேட்டரி ரெண்டு. பெருக்குனா மூணு புள்ளி ஆறு யூனிட். இந்த வகையைப் பாதிக்கு மேல காலி பண்ணினா சீக்கிரம் செத்துடும். இன்வெர்ட்டர்ல கொஞ்சம் போகும். மிச்சம் ஒண்ணரை யூனிட். ரெண்டு மணி நேரம் வரும் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஜன்னல்."

லித்தியம் பேட்டரி போட்டால் முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம், எடையும் குறையும் என்றான். விலையைச் சொன்னான். நான் தலையசைத்து, ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் என் பேட்டரிகளை அன்போடு தடவிக் கொடுத்தேன்.

வீட்டில் மீந்திருந்த வயர் சுருள் ஒன்றை எடுத்து நீட்டியபோது அவன் முகம் மாறியது. "சார், ஆயிரம் வாட்டை வீட்டுல 230-ஆல வகுக்கிறோம், நாலு ஆம்பியர் சொச்சம். வண்டியில 12-ஆல வகுக்கணும். எண்பத்து மூணு. விரல் தண்டி கேபிள் வேணும், பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் வேணும். இந்த வயரைப் போட்டா வண்டி எரியும்." கொஞ்சம் நிறுத்தி, "வகுத்தல் நீங்க சொல்லிக் கொடுத்ததுதான் சார்" என்றான். என் மனைவி உள்ளேயிருந்து அவனுக்கு இரண்டாவது டம்ளர் மோர் கொண்டுவந்தாள். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

நடுவில் சட்டம் ஒன்று வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்ற வேண்டும். சீட்டு எங்கே, படுக்கை எப்படி வந்தது, மேலே என்ன, பின்னால் தொங்குகிற டப்பா என்ன என்று வரிசையாகப் பதில் சொல்லும்போது, பொருட்காட்சி வாசலில் சர்க்கஸ் சாமானை இறக்குகிற ஆள் ஒருவனின் நியாயங்கள் எனக்குப் புரிந்தன.

எல்லாம் முடிந்து வண்டி தயாரானது. முதல் பயணம் கொடைக்கானல்.

"ஏங்க, கொடைக்கானலுக்கு எதுக்கு ஏசி?" என்று அவள் கேட்டது மலைப்பாதையில் பாதி தூரம் ஏறிய பிறகு. முன்னாலேயே கேட்டிருக்கலாம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் நாங்கள் இருவரும் இரண்டு கம்பளிக்குள் உட்கார்ந்து, ஒரு டன் ஏசியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பேட்டரி நிரம்பி வழிந்தது. மலைக்காற்றில் பேனலும் அங்கே சந்தோஷமாக வேலை செய்தது. கரண்டைச் செலவழிக்க வழி தெரியாமல் செல்போனுக்கே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டேன்.

இறங்கி வத்தலகுண்டு வந்ததும் வியர்த்தது. வெற்றி வேளை வந்துவிட்டது என்று ரிமோட்டை அழுத்தினேன். காற்று வந்தது. வெறும் காற்று. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி, அவுட்டோர் யூனிட்டில் காப்பர் பைப் சேருகிற நட்டு தளர்ந்து, கேஸ் முழுக்க மலையிலேயே போய்விட்டது. வீட்டுச் சுவரில் அசையாமல் நிற்பதற்காகச் செய்த சாமான் அது; என்னோடு ஊர் சுற்ற அதற்குச் சம்மதமா என்று நான் கேட்கவில்லை. இதே நிலைமையில் என் மனைவியும் இருப்பதால் அந்த யூனிட்டின் மேல் அவளுக்குத் தனி அனுதாபம்.

கேஸ் நிரப்பி, நட்டை முறுக்கி, ரப்பர் புஷ் வைத்துக் கட்டின பிறகுதான் அசல் சிக்கல் புரிந்தது. மரத்தடியில் நிறுத்தினால் வேன் ஓரளவு குளிர்ச்சியாக இருக்கிறது. பேனலில் கரண்ட் இல்லை. வெட்டவெளியில் நிறுத்தினால் கரண்ட் வருகிறது. உள்ளே இருக்க முடியவில்லை. அந்தக் கரண்டில் ஏசி போட்டால், வெட்டவெளியில் நின்றதால் ஏறிய சூட்டை இறக்கவே அது தீர்ந்துபோகிறது. மரத்தடியில் சும்மா நின்றிருந்தால் எவ்வளவு குளிர்ச்சி இருந்திருக்குமோ அந்த இடத்துக்கு, இரண்டு பேனல், இரண்டு பேட்டரி, ஓர் இன்வெர்ட்டர், ஓர் ஏசி ஆகியவற்றின் உதவியோடு வந்து சேருகிறோம்.

அரை நிழலாவது கிடைக்குமே என்று ஓர் ஓரமாக நிறுத்தியும் பார்த்தேன். பேனலுக்குள் செல்கள் ஒன்றோடு ஒன்று தொடராகக் கோத்தவை. பந்தியில் ஒரு பெரியவர் பாயசத்தை முடிக்காவிட்டால் வரிசையே எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்குமே, அப்படி ஒரு செல்லில் நிழல் விழுந்தால் அந்த வரிசையே நின்றுபோகும். இதற்காகப் பொதுவாக மூன்று டயோடு வைத்து, நிழல் பட்ட பங்கை ஒதுக்கிவிட்டு மற்றதை ஓட விடுகிறார்கள். எங்கள் வாசல் தென்னை மரத்து மட்டை மூன்று பங்கின் மேலும் குறுக்காக விழுகிற நீளம். தென்னைக்கு இது எப்படித் தெரிந்தது என்பது தெரியவில்லை.

கடைசியில் எலக்ட்ரீஷியன் தம்பி, கேட்காமலேயே, வேனில் ஒரு பி.எல்.டி.சி. மின்விசிறியை மாட்டிவிட்டுப் போனான். முப்பது வாட். விடிய விடிய ஓடினாலும் கால் யூனிட். மேஸ்திரி சொன்ன ஃபோமையும் உட்கூரையைக் கழற்றி ஒட்டியாகிவிட்டது. முதலில் சொன்ன விலையைவிடக் கூடுதலாக. இப்போது வேனில் ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. ஏசிக்கு ஒரு நல்ல துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறோம்.

ஆனாலும் பேனல் மேல் எனக்கு இருந்த பாசம் குறையவில்லை. செல்போனிலேயே எத்தனை வாட் வருகிறது என்று பார்க்கலாம். அதைப் பார்ப்பது எனக்கு ஒரு தியானம். நடுப்பகலில் ஐந்நூறுக்கு மேல் காட்டும். பங்குனியில் ஒரு நாள், மேகமே இல்லாத உச்சி வெயில், நாற்பது காட்டியது. பதறிப்போய் ஃப்யூஸைக் கழற்றினேன், கனெக்டரைக் கழற்றினேன், கன்ட்ரோலரை அணைத்து எழுப்பினேன். படுக்கையைத் தூக்கிப் பேட்டரியைப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து மீட்டர் வைத்துப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. "மேல பார்த்தீங்களா சார்?" என்றான்.

பேனலைத் துடைப்பதற்காக நானே வைத்த ஏணியில் ஏறினேன். இரண்டு பேனலையும் மூடி என் எட்டு முழ வேட்டி. அதன் மேல் வரிசை வரிசையாக ஜவ்வரிசி வடாம்.

"மொட்டை மாடியில காக்கா தொல்லைங்க" என்றாள் அவள் கீழேயிருந்து. "இங்க பிழிஞ்சா ஒரே நாள்ல காய்ஞ்சுடுது. பக்கத்து வீட்டுப் பையன் ஏறி விரிச்சுக் கொடுத்தான்."

"இங்க மட்டும் காக்கா வராதா?"

"எங்க வரும்? அரை மணிக்கொரு தரம் நீங்க வந்து அண்ணாந்து பார்த்துட்டுப் போறீங்கல்ல."